பிறகு எழுதிய வரி

அந்த உறை பழுப்பு நிறம். இடது மூலையில் மாநில மருத்துவக் கவுன்சிலின் முத்திரை, பின்பக்கம் ஒட்டிய ஒப்புகை அட்டை. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான்தான். கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தால் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லித்தான் வரும் என்று எனக்கொரு நினைப்பு. அதனால் அதை மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போகும் நோட்டீசுகளோடு சேர்த்து டாக்டரின் மேசையில் வைத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். காலை பத்தரை மணி இருக்கும். ஏழாம் டோக்கன் வெளியே வந்தது. எட்டாம் டோக்கனுக்கு உள்ளிருந்து மணி அடிக்கவில்லை. எட்டாம் டோக்கன், ஏலக்காய்க் கிடங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண், என்னை மூன்று முறை பார்த்துவிட்டாள். அரைக்கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தேன். டாக்டர் அந்தக் கடிதத்தை மேசைமேல் விரித்து, இரண்டு கைகளாலும் அதன் ஓரங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எட்டாம் டோக்கனை அனுப்பச் சொன்னார். அன்றைக்கு மிச்சமிருந்த இருபத்தோரு பேரையும் ஒருவரையும் அவசரப்படுத்தாமல் பார்த்து முடித்தார். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டுக் கடிதத்தை நீட்டினார்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். இருபது வயதில் மட்டாஞ்சேரிக்கு வந்தேன். இந்த ஊரில் தமிழ் பேசும் ஆணுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவாக இருந்தாலும் ஊர் வைக்கும் பெயர் அண்ணாச்சிதான். மசாலாக் கிடங்குகளுக்குப் பின்னால், மழைக்காலத்தில் செங்கல் போட்டு நடக்க வேண்டிய ஒரு சந்தில் எங்கள் கிளினிக் இருந்தது. டோக்கன் கொடுப்பது, ரெஜிஸ்டர் எழுதுவது, சண்டை போடுகிறவர்களைச் சமாதானப்படுத்துவது மூன்றும் என் வேலை. டாக்டர் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். பாலக்காட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். அவர் பேசும் தமிழில் பாதி மலையாளம் இருக்கும், நான் பேசும் மலையாளத்தில் முக்கால்வாசி தமிழ் இருக்கும். இரண்டு பேருக்கும் நடுவில் உட்காரும் நோயாளிக்கு எல்லாம் புரிந்துவிடும். டாக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம். சர்க்கரை வியாதிக்காரர் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி தின்றதை மோப்பம் பிடித்துவிட்டால் அந்த ஆள் தொலைந்தார். ஆனாலும் மறுநாளும் அதே ஆள் அதே பெஞ்சில் வந்து உட்காருவார். திட்டுகிற டாக்டர்தான் தன்னைக் கவனிக்கிறார் என்று மட்டாஞ்சேரிக்காரர்களுக்குத் தெரியும்.

கடிதம் இதுதான். தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை செய்யும் ஒருவர் எட்டு மாதத்துக்கு முன் நெஞ்சுவலி என்று எங்களிடம் வந்தார். குளச்சல் பக்கத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். டாக்டர் அதை வாயுத்தொல்லை என்று சொல்லி, வாயு மாத்திரை எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார், இரண்டாம் நாள் அவர் மாரடைப்பில் துறைமுகத்திலேயே விழுந்தார், பிழைத்துக்கொண்டாலும் இனி பாரம் தூக்கும் வேலை செய்ய முடியாது, இந்த டாக்டரின் பதிவை ரத்துச் செய்ய வேண்டும் என்று அவருடைய மகன் புகார் கொடுத்திருந்தான். அப்பாவின் கையெழுத்தும் கீழே இருந்தது. கூடவே டாக்டர் மருந்து எழுதிய பக்கத்தின் படம் ஒன்று. அதில் வாயு மாத்திரையின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. குறிப்பிட்ட கெடுவுக்குள் டாக்டர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று கவுன்சில் கேட்டிருந்தது.

அந்த மனிதரை எனக்கு நன்றாக நினைவிருந்தது. நல்ல மழைநாள் அது. டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, மெல்லச் சொல்லி, பிறகு கொஞ்சம் சத்தமாகச் சொல்லி, கடைசியில் சந்துக்கே கேட்கும்படி சொன்னார், இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று. ஆட்டோ பிடிக்க என்னையும் கூப்பிட்டார். அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டு, மீன்பிடிப் போட்டுகள் கரைக்கு வரும் நேரம், நாளைக்குக் காலையில் கட்டாயம் போகிறேன் என்று நழுவிப் போய்விட்டார். வெறுங்கையோடு போகிறாரே என்று அந்த இடத்திலேயே ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரையை மென்று விழுங்க வைத்து, நெஞ்செரிச்சலுக்கு வாயு மாத்திரை ஒன்றும் எழுதிக்கொடுத்தார் டாக்டர். அந்த ஒன்றுதான் இப்போது புகாரில் கொடி பிடித்து நின்றது.

சொன்னதெல்லாம் எழுத்தில் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் எங்களிடம் இல்லை. எங்கள் கிளினிக்கில் ஒரு வழக்கம், டாக்டருக்கு முன்னால் அங்கே இருந்த பெரிய டாக்டர் ஏற்படுத்தியது. நோயாளிகள் ஆளுக்கொரு சின்ன நோட்டுப் புத்தகம் கொண்டுவர வேண்டும். டாக்டர் எழுதுவதெல்லாம் அதில்தான். ஈசிஜி தாளும் அதில்தான் ஒட்டப்படும். நோய் உன்னுடையது, அதன் கதையும் உன்னிடமே இருக்கட்டும் என்பாராம் பெரிய டாக்டர். துறைமுகத்திலிருந்து வருகிறவர்கள் அந்தப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ரேஷன் கார்டைவிடப் பத்திரமாக வைத்திருப்பார்கள். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுவார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் வழக்கு என்று வந்தால் நம்முடைய சாட்சி முழுவதும் எதிராளியின் வீட்டு அலமாரியில் உட்கார்ந்திருக்கும் என்று பெரிய டாக்டரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. எங்களிடம் மிஞ்சியது என்னுடைய ரெஜிஸ்டர் மட்டும். அதில் அன்றைக்கு நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: பெயர், வயது, ஊர், நெஞ்சுவலி, ஈசிஜி, மருந்து.

விஷயம் அன்று மாலைக்குள் சந்து முழுக்கப் பரவிவிட்டது. நான்தான் பரப்பினேன் என்று டாக்டர் இன்றைக்கும் சொல்வார். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆளுக்கொரு யோசனை வந்தது. மட்டாஞ்சேரியில் எந்தத் தகராறும் நடுவில் ஒரு ஆளும் மூன்று சாயாவும் இருந்தால் முடிந்துவிடும். குழாயடித் தகராறிலிருந்து கல்யாணத் தகராறுவரை அப்படித்தான் முடித்திருக்கிறோம். ஐஸ் பிளான்ட் மேஸ்திரி எனக்கு நல்ல பழக்கம். அவரை வைத்து அந்த மகனிடம் பேசிவிடலாம், டாக்டர் பழம் வாங்கிக்கொண்டு ஒரு நடை போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வான் என்று நான் ஏற்பாடே செய்துவிட்டேன். டாக்டர் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். புகார் கொடுத்தவன் வீட்டுப் படியை இப்போது மிதித்தால், மிரட்டப் போனேன் என்று ஆகும், இல்லாவிட்டால் விலை பேசப் போனேன் என்று ஆகும், கவுன்சில் என்னிடம்தான் கேட்டிருக்கிறது, நான் கவுன்சிலிடம்தான் பேசுவேன் என்றார். எனக்குக் கோபம். மனிதருக்கு மனிதர் பேசிக்கொள்ளாமல் காகிதத்துக்குக் காகிதம் பேசுவது என்ன ஊர் வழக்கம் என்று நினைத்தேன்.

அந்தக் கோபத்தோடுதான் அடுத்த காரியத்தைச் செய்தேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்பார்களே, அந்த ஓணானை நான் என் மடியில் விட்டுக்கொள்ளவில்லை, டாக்டரின் மடியில் விட்டேன். கடிதம் வந்த மறுநாள் மத்தியானம், கிளினிக்கைச் சாத்திவிட்டு எல்லோரும் சாப்பிடப் போன நேரம். எட்டு மாதத்துக்கு முந்தைய அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ‘மருந்து’ என்ற சொல்லுக்குப் பிறகு தாராளமாக இடம் இருந்தது. நான் எப்போதும் ஒரே கம்பெனிப் பேனாவில்தான் எழுதுவேன், எப்போதும் ஒரே சாய்வு. ‘பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொன்னது, நோயாளி மறுத்தார்’ என்று எழுதினேன். தயங்கவில்லை. ஏன் தயங்க வேண்டும்? அது உண்மை. என் காதால் கேட்டது. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டியதை எட்டு மாதம் கழித்து எழுதினேன், அவ்வளவுதானே என்று என்னையே தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன். மோரும் மத்திக் குழம்பும் அன்றைக்கு ருசியாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் டாக்டர் ரெஜிஸ்டரைக் கேட்டார். நான் அந்தப் பக்கத்தைத் திறந்தே நீட்டினேன். பாருங்கள், நம்மிடம் எழுத்தில் இருக்கிறது என்று சொன்னபோது என் முகத்தில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. டாக்டர் அந்த வரியைப் படித்தார். பிறகு இன்னொரு தடவை படித்தார்.

“இது எப்போ எழுதினது?”

“அன்னைக்கே எழுதினதுதான் டாக்டரே.”

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்படவில்லை. கடிதம் வந்த அன்று சாயங்காலமே, நான் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டதாக மிகவும் மெல்லிய குரலில் சொன்னார். அப்போது அங்கே அந்த வரி இல்லை. எனக்குக் காதெல்லாம் சூடானது. உண்மையைத்தானே எழுதினேன், நீங்கள் சொன்னதைத்தானே எழுதினேன் என்று நான் ஏதோ உளறினேன்.

“நீங்க எழுதினது நிஜம் அண்ணாச்சி. எழுதின நாள்தான் பொய். அந்த ஒரு பொய் போறும், என்னோட நிஜம் எல்லாத்தையும் கொன்னுடும்.”

அதுவரை முப்பது வருஷ வேலையில் நான் அழுததே இல்லை, அன்று அழுதேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்று கேட்டேன். பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்றுகூடக் கேட்டேன், அவ்வளவு புத்தி. எதையும் தொடக் கூடாது, ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது என்று சொல்லி ரெஜிஸ்டரை அவரே அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். முப்பது வருஷம் நான் மேசைமேல் திறந்து போட்டிருந்த ரெஜிஸ்டர் அது. அவர் எனக்குத் தண்டனை என்று ஒன்றும் கொடுக்கவில்லை. அந்தப் பூட்டுச் சத்தம் போதுமானதாக இருந்தது.

விளக்கக் கடிதத்தை டாக்டர் மூன்று முறை எழுதினார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் மூன்றையும் டைப் செய்யும் கடைக்கு எடுத்துக்கொண்டு போனவன் நான். முதலாவது பதினோரு பக்கம். அதில் அந்த மகனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார். எட்டு மாதம் எங்கே போயிருந்தான், அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றபோது கூட வந்தானா என்றெல்லாம் இருந்தது. படித்துவிட்டு, பேஷ் டாக்டரே என்றேன். அது பேஷாக இருக்கிறது என்பதாலேயே அதைக் கிழித்துப் போட்டார். இரண்டாவது ஐந்து பக்கம், அதில் அவர் படித்த கஷ்டமும் சந்தில் அவர் செய்த சேவையும் இருந்தது. அதையும் ஓரமாக வைத்தார். மூன்றாவது இரண்டே பக்கம். கேட்ட கேள்விக்குப் பதில். எந்த நாள், எத்தனை மணி, என்ன பார்த்தேன், என்ன சொன்னேன், எங்கே எழுதினேன். எது எனக்கு நினைவிருக்கிறது, எது எழுத்தில் இருக்கிறது என்று தனித்தனியாக. நோயாளி மறுத்தபோது கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும், வாங்கவில்லை. வீட்டாரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும், எங்களிடம் அவர்களுடைய தொலைபேசி எண்ணே இல்லை, அது எங்கள் குறை. கடைசிப் பத்தியில் இரண்டு வேண்டுகோள். நோயாளியிடம் இருக்கும் அசல் நோட்டுப் புத்தகத்தைக் கவுன்சில் வரவழைத்துப் பார்க்க வேண்டும், நோயாளியையும் நேரில் கேட்க வேண்டும்.

அதற்கு முந்தைய பத்தியில்தான் நான் இருந்தேன். ரெஜிஸ்டரில் இந்த ஒரு வரி புகார் வந்த பிறகு என் உதவியாளரால், எனக்குத் தெரியாமல் எழுதப்பட்டது, இதை என் தரப்புச் சான்றாக நான் முன்வைக்கவில்லை, தயவுசெய்து இதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். வக்கீலுக்கு அந்தப் பத்தி பிடிக்கவே இல்லை. எறணாகுளத்து வக்கீல், நல்ல மனிதர், கெடுவுக்குள் அனுப்புவதிலிருந்து நகல் எடுப்பதுவரை அவர் சொன்னதெல்லாம் நல்ல யோசனை. ஆனால் கவுன்சில் ரெஜிஸ்டரைக் கேட்கவே இல்லையே, நாமாகப் போய் ஏன் நம் அழுக்கை விரிக்க வேண்டும், அந்தப் பக்கத்தை அனுப்பாமலே இருந்துவிடலாம் என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது, என் பெயர் சம்பந்தப்பட்ட விஷயமாயிற்றே. டாக்டர் கேட்கவில்லை. அதோடு விடாமல், அந்த வரியை எழுதியது நான்தான் என்று நானே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்றார். ஆனால் கட்டாயப்படுத்த மாட்டேன், இரண்டு நாள் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அந்த இரண்டு நாளும் எனக்கு நரகம். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் ஊரெல்லாம் அண்ணாச்சி ரெஜிஸ்டரைத் திருத்தினவன் என்று ஆகும். போடாவிட்டால் டாக்டர் தானே திருத்திவிட்டு வேலைக்காரன் தலையில் போடுகிறார் என்று ஆகும். மூன்றாம் நாள் காலையில் டோக்கன் கொடுக்கும் முன்பே கையெழுத்துப் போட்டேன்.

பிறகு காத்திருப்பு. அந்த மாதங்களைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. டாக்டர் ஒருநாள்கூடக் கிளினிக்கைச் சாத்தவில்லை. பெஞ்சில் கூட்டம் குறைந்தது. முன்பு முப்பது டோக்கன் போன இடத்தில் பதினைந்து போயிற்று. சிலர் எதிர்ச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வேறு டாக்டரிடம் போவதை என் மேசையிலிருந்தே பார்த்தேன். டாக்டர் திட்டுவதையும் குறைத்துக்கொண்டார். சர்க்கரைக்காரர் ஒருவர், டாக்டர் இப்போதெல்லாம் என்னை ஒன்றும் சொல்வதில்லை, எனக்கு வியாதி முற்றிவிட்டதா என்று என்னிடம் வந்து பயந்து கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பதிவு ரத்தானால் இந்த மனிதர் யாரிடம் திட்டு வாங்குவார் என்று நினைத்துக்கொண்டே அவருக்கு டோக்கனை நீட்டினேன்.

விசாரணை திருவனந்தபுரத்தில். காலை ரயிலில் டாக்டரும் வக்கீலும் நானும் போனோம். நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு ஒரு பெண் டாக்டர், அவர்தான் தலைவர். எதிரில் அந்த மகன், அவனுடைய வக்கீல், சுவரோரம் நாற்காலியில் ஐஸ் உடைக்கும் மனிதர். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். மடியில் ஒரு மஞ்சள் துணிப்பை. டாக்டரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார், மகன் தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

மகனுடைய வக்கீல் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். மலையாளத்தில் கேட்டார், நானும் எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன். இந்த வரி யார் எழுதியது? நான். எப்போது? கடிதம் வந்த மறுநாள் மத்தியானம். டாக்டர் சொல்லி எழுதினாயா? இல்லை, அவருக்குத் தெரியாது, தெரிந்தபோது என்னை அழ வைத்தார் என்றேன். தலைவர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். அந்த வக்கீலின் கையில் ஒரு படம் இருந்தது. என் ரெஜிஸ்டரின் அதே பக்கம், அந்த வரி இல்லாமல். அப்போதுதான் நினைவு வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஏதோ ஒரு காகிதத்துக்குத் தேவை என்று அந்த மகன் வந்து கேட்டான். நான்தான் ரெஜிஸ்டரை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன், அவன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டான். சுத்தமாக மறந்துபோயிருந்தேன். அந்தப் படத்தை ஆயுதமாகத் தீட்டி வைத்துக்கொண்டு அவர்கள் காத்திருந்திருக்கிறார்கள். டாக்டர் அந்தப் பத்தியை எழுதாமல் விட்டிருந்தால், ரெஜிஸ்டரை வரவழைத்த நிமிஷமே அந்த ஒரு படத்தில் எல்லாம் முடிந்திருக்கும். அந்த வக்கீல் படத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை, எல்லாவற்றையும் நாங்களே சொல்லிவிட்டோம். மறுபடி கோப்புக்குள் வைத்துக்கொண்டார். எங்கள் வக்கீல் மேசைக்கடியில் என் முழங்காலை ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டின் வலி இரண்டு நாள் இருந்தது, சந்தோஷமான வலி.

தலைவர் அசல் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்த அவசரத்தில் தொலைந்துவிட்டது, அதற்கு முன் எடுத்த ஒரு பக்கத்தின் படம்தான் இருக்கிறது என்றான் மகன். அவன் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் அவன் நம்பியிருந்தான். தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் இருந்தவரைப் பார்த்தார். அன்றைக்கு டாக்டர் உங்களிடம் என்ன சொன்னார் என்று கேட்டார். அந்த மனிதர் தன்னைத்தான் கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போவச் சொன்னாவ. நாந்தான் போவல.”

மகன் வாய்க்குள் அப்பா என்றான். அவர் அவனைப் பார்க்காமல், மூன்று போட்டு கரைக்கு வந்து நின்றதையும், ஆளில்லாமல் மேஸ்திரி தவித்ததையும், டாக்டர் தன்னைச் சத்தம் போட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மகன் திட்டுவானே என்று வீட்டில் இதைச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட தாள் ஏதோ ஆஸ்பத்திரிக் காரியத்துக்கு என்று நினைத்தாராம். பிறகு மஞ்சள் பையைத் திறந்தார். மாத்திரை அட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் வந்தது, அதற்குள்ளிருந்து எங்கள் நோட்டுப் புத்தகம் வந்தது.

“டாக்டர்மாரு இருக்க எடத்துக்குப் போறோம்னு இவன் சொன்னான். பொஸ்தகம் இல்லாம எப்படி வர?”

தலைவர் வாங்கிப் புரட்டினார். மகன் படம் எடுத்த பக்கத்துக்கு அடுத்த பக்கம். ஈசிஜி தாள் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே சிவப்பு மையில் நேரம் போட்டு, உடனே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், நோயாளி இப்போது போக மறுக்கிறார், நாளை காலை போவதாகச் சொல்கிறார் என்று டாக்டரின் கையெழுத்து, பெயர், பதிவு எண். மூன்று பேரும் தலையைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். தலைவர் புத்தகத்தைப் புகாரின் மேலேயே வைத்துவிட்டு, இவ்வளவு நாளும் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“ஆரும் எங்கிட்ட கேக்கலியே.”

நான் டாக்டரைப் பார்த்தேன். இத்தனை மாதமும் நிமிர்ந்தே இருந்த தலை அப்போதுதான் குனிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைத்துக்கொள்ளவில்லை, வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளியே வராந்தாவில் மகன் தூணோடு ஒட்டி நின்றான். முப்பது வயதுகூட இருக்காது. டாக்டர் நேராக அப்பாவிடம் போய் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, உப்பைக் குறைத்தாரா என்று கேட்டார். இல்லை என்று தெரிந்ததும், பல மாதமாக நான் கேட்காத அந்தக் குரல் வராந்தா முழுக்க எதிரொலித்தது. கவுன்சில் கட்டிடத்தில், கவுன்சில் வாசலிலேயே, புகார் கொடுத்தவரை அப்படித் திட்டிய டாக்டர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அந்த மனிதர் தலையைத் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். மகன் பக்கத்தில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். டாக்டர் அவனிடம், அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பது உன் உரிமை, அதில் தப்பில்லை, உன் தொலைபேசி எண்ணை முதலில் அண்ணாச்சியிடம் கொடு என்றார். கொடுத்தான். திரும்பி வரும் ரயிலில் கொல்லம் தாண்டியதும் டாக்டர் பழம்பொரி வாங்கினார். தனக்கு இரண்டு, எனக்கு இரண்டு, வக்கீலுக்கு ஒன்று. வக்கீலுக்குச் சர்க்கரை என்பதால் அந்த ஒன்றும் பாதியாயிற்று.

உத்தரவு சில வாரம் கழித்து வந்தது, அதையும் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான்தான். புகார் முடித்து வைக்கப்பட்டது. டாக்டர் தன் தரப்புக்குப் பாதகமானதையும் தானாகவே வெளிப்படுத்தியதைக் குழு குறித்துக்கொள்கிறது என்று ஒரு வரி. இனி கிளினிக்கிலும் ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும், மறுக்கும் நோயாளியிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அறிவுரை. இதை யாரிடமும் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்றார் டாக்டர். நான் யாரிடமும் சொல்லவில்லை. பெஞ்சில் இருபது பேர் உட்கார்ந்திருந்தபோது சத்தமாகப் படித்துப் பார்த்தேன், அவ்வளவுதான். ஏலக்காய்க் கிடங்குப் பெண் முதலில் கை தட்டினாள். மறுவாரம் டோக்கன் நாற்பதைத் தொட்டது.

இப்போது நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். கிளினிக்கில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. எதை எழுதினாலும் நாளும் மணியும் அதுவே போட்டுக்கொள்ளும், பிறகு யாராலும் ஒட்டுப்போட முடியாது. என்னை மாதிரி ஆள்களை நினைத்துத்தான் செய்திருப்பார்கள் போல. சர்க்கரை பார்க்க மாதம் ஒருமுறை போகிறேன், என் முறைக்குக் காத்திருந்து திட்டு வாங்கிக்கொண்டு வருகிறேன். இப்படிப் பழுப்பு உறை வந்து கலங்கிப்போகும் டாக்டர்கள் எங்கள் டாக்டரைத் தேடி அழைப்பதுண்டு. உடனே பதிலெழுதாதீர்கள், ஆனால் கெடுவைத் தாண்டாதீர்கள், புகார் கொடுத்தவரைத் தேடிப் போகாதீர்கள், நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள் என்று அவர் பொறுமையாகச் சொல்வார். ரெஜிஸ்டர் என்ற பேச்சு வந்தால் மட்டும், அதற்கு வேறொரு ஆள் இருக்கிறார் என்று என் எண்ணைக் கொடுத்துவிடுவார்.

போன வாரம் வைட்டிலாவிலிருந்து ஒரு சின்ன வயது டாக்டர் என்னை அழைத்தார். குரல் உடைந்திருந்தது. தமிழும் மலையாளமுமாகச் சொன்னார். புகாரில் இருப்பது உண்மையில்லை, நோயாளியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், எழுதத்தான் விட்டுப்போயிற்று. ஒரே ஒரு வரி, அதுவும் நடந்ததைத்தான், சேர்த்துவிடலாமா என்று யோசிக்கிறாராம்.

“சேக்காதீங்க டாக்டரே. நடந்தது நிஜம்னா அது வேற எங்கயாவது இருக்கும். அதத் தேடுங்க. இல்லன்னா எழுதலன்னே சொல்லுங்க.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம், பேனாவை மூடி வைக்கும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நீங்கள் வக்கீலா என்று கேட்டார்.

“இல்ல டாக்டரே,” என்றேன். “அந்த வரிய எழுதினவன்.”